ஓடைப் பாதையில் பலகை இல்லை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு நாய் சாவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்... முடியவில்லை.

நாயின் பெயர் சீனி. வெரிபீயில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் ரமணனுடையது. ரமணன் அகதியாகப் படகில் இந்த நாட்டுக்கு வந்தவன். ட்ருகனினாவில் ஒரு வெயார்ஹவுஸில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். விசாவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலத்தில், கைவிடப்பட்ட நாய்களை வைத்திருக்கும் இடத்திலிருந்து சீனியைக் கூட்டி வந்தான். "வீட்டில கதைக்க ஒரு ஆள் வேணும், அக்கா" என்றான்.

அன்று ரமணன், நான், சீனி மூவருமாகக் காட்டுக்கு நடக்கப் போனோம். அரசாங்கக் காடு, நாயோடும் போகலாம். பெரிய வாசலில் கார் விட இடமில்லை. ஓடைப் பக்கமாக உள்ளே போனோம்.

சீனி முன்னால் ஓடியது. நிலத்தில் ஊன்றிய சிறு குழாய் ஒன்று, தலையில் இறைச்சி வாசத்தோடு. கவ்வி இழுத்தது. 'டக்' என்று ஒரு சத்தம்.

"என்னத்தையடி கடிச்சனீ?" ரமணன் சிரித்தபடி அதன் வாயைத் துடைத்துவிட்டான். பிறகு அதே கையால் பையிலிருந்த வடையை எடுத்தான். இருவரும் தின்றோம்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். சீனி வாந்தி எடுத்தது. பிறகு ஓடத் தொடங்கியது — மரங்களில் மோதி, ஊளையிட்டு, எங்களை யாரென்றே தெரியாதது போல. போனில் சிக்னல் இல்லை. ரமணன் அதைப் பிடித்து மடியில் கிடத்த, நான் காரை ஓட்டினேன். "இஞ்ச பார் ராசாத்தி... இஞ்ச பார்..."

குழாய் என்றதுமே மிருக வைத்தியரின் முகம் மாறியது. நரிகளைக் கொல்ல வைப்பதாம். இழுத்தால் ஸ்பிரிங் நஞ்சை வாய்க்குள் அடிக்குமாம். மாற்று மருந்து? இல்லை. வலிப்பைக் குறைக்க ஊசி போட்டார். மாலையில் சீனி அடங்கிவிட்டது.

ரமணன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இந்தக் கையாலதானே அக்கா உங்களுக்கும் வடை தந்தனான்..."

எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிர்ஷ்டம், வேறென்ன?

மறுநாள் அந்தக் காட்டைப் பார்க்கும் அரசாங்க அலுவலகத்துக்கு போன் எடுத்தோம். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். நரிகள் இந்த மண்ணின் சிறு பிராணிகளைத் தின்று தீர்க்கின்றன என்றார். பெரிய வாசலில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது என்றார். இரண்டும் உண்மை. ஆனால் கடிப்பது யார் என்று அந்தக் குழாய்க்குத் தெரியுமா? நரிதான் கடித்தது என்றே வையுங்கள் — அதுவும் இப்படித்தானே ஊளையிட்டுச் சாகும்? அன்றுவரை நான் இதை யோசித்ததே இல்லை.

அடுத்த சனிக்கிழமை ரமணன் தானே ஒரு பலகை செய்தான். 'கவனம், இங்கே நாய்கள் சாகின்றன' என்று ஆங்கிலத்தில் எழுதி, தன் போன் நம்பரையும் போட்டு, ஓடைப் பாதையில் நட்டுவிட்டு வந்தான்.

நாலாம் நாள் அதே அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பொதுக் காணியில் அனுமதி இல்லாமல் எதையும் நடக்கூடாதாம். பலகையைப் பிடுங்கிவிட்டார்களாம்.

ரமணன் கத்தவில்லை. "அப்ப அந்தக் குழாய்?" என்று மட்டும் கேட்டான்.

அதற்கு அனுமதி இருக்கிறதாம்.