வரலட்சுமியின் தனித் தட்டு

1944-ல் பூந்தமல்லியில் பப்ஸ் என்றால் ஆரோக்கியம்மாள்தான். பட்டாளத்து அதிகாரி வீட்டுத் தேநீர் விருந்தோ, மாதாகோயில் ஞானஸ்நானமோ, அரிசி மில்லில் ஆயுத பூஜையோ, நாலு பேர் கூடுகிற இடத்துக்கு அவள் வீட்டுப் பின்கட்டுச் செங்கல் அடுப்பிலிருந்துதான் தட்டு போகும். அன்னாசிப் பழத்தைச் சர்க்கரையில் சுண்டக் காய்ச்சி, அதன்மேல் டின் சீஸைத் துருவிப் போட்டு, மூடிச் சுட்டுக் கொடுப்பாள். கடித்தால் மேல்மாவு பொலபொலவென்று மடியில் உதிரும். உதிர்ந்ததைப் பொறுக்கித் தின்னாத கௌரவஸ்தர் யாரும் அந்த ஊரில் இல்லை.

நம் வெயிலில் வெண்ணெய் உருகாமல் மாவுக்குள் மடிப்பது லேசான காரியமா? புருஷன் கிறிஸ்துதாஸ் ஆவடி ஸ்டேஷனுக்குப் போய், மரத்தூளில் புதைந்து ரயிலில் வரும் ஐஸ் கட்டியைக் கோணியில் சுற்றிக் கொண்டுவருவான். அதன்மேல் தகரத்தை வைத்து, தகரத்தின் மேல் மாவை விரித்து, வெண்ணெயைப் பரப்பி, மூன்றாக மடித்து, தேய்த்து, மறுபடியும் மடித்து, வெயில் ஏறுவதற்குள் ஆறு மடிப்பு முடித்துவிடுவாள். கொஞ்சம் தாமதமானால் மாவு கையில் ஒட்டும், அவளுக்குக் கோபம் தலைக்கேறும். கிறிஸ்துதாஸ் அந்த நேரம் பார்த்துக் கிணற்றடியில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வான்.

வெள்ளிக்கிழமை மட்டும் வேலை வேறு மாதிரி. மில் முதலாளி உலகநாதன் மனைவி வரலட்சுமி வீட்டில் அன்று பஜனை. இருபது பெண்கள் கூடுவார்கள். வரலட்சுமி பிறவிச் சைவம் இல்லை. மீன் குழம்பு என்றால் உயிரை விடுகிற குடும்பம்தான். ஒரே மகன் ஆனந்தனுக்கு ஐந்து வயதில் அம்மை போட்டு, பிழைப்பானோ மாட்டானோ என்று கிடந்தபோது, திருவேற்காட்டுக் கருமாரியிடம் நேர்ந்துகொண்டாள். “இவன எனக்குத் திருப்பிக் குடு ஆத்தா. உசிரு கீற வரைக்கும் கவிச்சி என் வாயில படாது.” பையன் எழுந்து நடந்தான். அதற்கப்புறம் பதினாறு வருஷமாக அவள் முட்டையைக்கூடத் தொட்டதில்லை. வெள்ளிக்கிழமை பகலெல்லாம் பட்டினி கிடந்து, பஜனை முடிந்ததும் அவள் முதலில் வாயில் வைப்பது ஆரோக்கியம்மாளின் பப்ஸைத்தான். எட்டு வருஷமாக அதுதான் வழக்கம்.

அந்த நேர்ச்சையை ஆரோக்கியம்மாள் தன்னுடையதைப் போலக் காப்பாற்றினாள். தவக்காலம் முழுக்க இறைச்சியை ஒதுக்குகிறவளுக்கு, கொடுத்த வாக்கு என்றால் என்னவென்று தெரியாதா? மற்றவர்களுடைய பப்ஸுக்கு மேலே பளபளப்புக்காக முட்டை தடவுவாள். வரலட்சுமி வீட்டுக்குப் போவதற்குப் பால். அதற்குத் தனித் தட்டு, தனி பிரஷ், அந்த பிரஷைத் தொங்கவிடத் தனி ஆணி. “அந்த ஆணிகிட்ட எவன் கையாவது போச்சு, ஒடிச்சிடுவேன்” என்று சொல்லி வைத்திருந்தாள். அந்த வீட்டில் ஆணியைத் தொடக்கூடிய ஒரே ஆள் கிறிஸ்துதாஸ். பாவம், அவன் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

சீஸ் டின் கொண்டுவருகிறவன் ஜோசப்ராஜ். கிறிஸ்துதாஸுக்குத் தம்பி முறை, ஆவடிப் பட்டாள முகாமில் சமையல்காரன். பங்குனி மாதம் ஒருநாள் டின்னை அவள் கையில் வைத்துவிட்டுச் சிரித்தான்.

“இத்த எப்டி செய்றாங்க தெரிமா அண்ணி? நாம பாலுக்கு மோர் ஊத்தித் தோய்க்கிறோம்ல? வெள்ளக்காரங்க ஊர்ல கன்னுக்குட்டிய அறுத்து, அது வயித்துச் சவ்வ ஊற வச்சி, அந்தத் தண்ணிய ஊத்துவாங்களாம். அப்பதான் பாலு இப்டி கட்டியா ஆவுமாம். எங்க சார்ஜண்டு சொன்னாரு. அவுரு அப்பாருக்கு ஊர்ல அதான் தொழிலு.”

ஆரோக்கியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. பால்தானே, பாலில் செய்ததுதானே என்று எத்தனை முறை வாய் கூசாமல் சொல்லியிருக்கிறாள்! தட்டையும் பிரஷையும் பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்தவள், உள்ளே வைக்கிற பண்டம் எப்படி வந்தது என்று ஒருநாள் கேட்டிருக்கலாமே. தன் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும் போலிருந்தது அவளுக்கு.

கிறிஸ்துதாஸிடம் சொன்னாள். அவன் நிதானமாகக் கேட்டான். “தெரியாம செஞ்சதுதான? உட்டுடு. சொன்னா அந்தம்மா மனசுதான் ஒடியும். புள்ள வேற பர்மா எல்லையில லாரி ஓட்டிக்கினு கீறான். இப்பப் போயி இத்த சொல்லுவியா?”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால்தான் அவளால் அதைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. அந்த வெள்ளிக்கிழமை வெறும் அன்னாசி மட்டும் வைத்துச் சுட்டாள். “சண்ட நேரம்க்கா, டின்னு கெடைக்கல” என்றாள். வரலட்சுமிக்கு அவள் சொன்ன முதல் பொய் அது. வரலட்சுமி நம்பிவிட்டாள்.

சித்திரையில் தந்தி வந்தது. ஆனந்தன் உயிரோடு இருந்தான், ஆனால் குண்டு விழுந்ததில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஊரே வந்து அழுதது. வரலட்சுமி அழவில்லை. ஆரோக்கியம்மாளின் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப்போனாள்.

“ஆத்தா குடுத்த உசுர அவ எடுக்கல. கால மட்டும் எடுத்துக்கினா. ஏன் தெரிமா? நான் வாக்குத் தப்பிட்டேன். எங்கியோ, எப்பவோ, என் வாயில கவிச்சி பட்டுக்கீது. எங்கன்னுதான் தெரியல ஆரோக்கியம்.”

இப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தாள். எதிரே இருந்த முகத்தைப் பார்த்தாள். “அப்டியெல்லாம் இல்லக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த வாரமே சமையற்காரி கன்னியம்மாள் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டாள். உலகநாதனுக்கு மீன் குழம்பு வைத்த கரண்டியைச் சாம்பாரில் விட்டிருப்பாள் என்பது வரலட்சுமியின் முடிவு. பன்னிரண்டு வருஷம் அந்த அடுப்படியில் வெந்தவள், தெருவில் நின்று கருமாரிமேல் சத்தியம் செய்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆரோக்கியம்மாள் அதைத் தன் வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அன்று ஐஸ் முழுக்கக் கரையும்வரை மாவில் கை வைக்க முடியவில்லை.

வைகாசியில் வரலட்சுமி திருவேற்காட்டுக்கு வெறுங்காலில் நடந்தாள். கோயில் தரையில், இலைகூடப் போடாமல், சோற்றைக் கொட்டி மண்சோறு தின்றாள். மில்லில் ஐம்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிற வீட்டுப் பெண், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, வாயால் எடுத்துத் தின்றாள். துணைக்குப் போன ஆரோக்கியம்மாள் சொம்புத் தண்ணீரோடு பக்கத்தில் நின்றாள். மண் ஒட்டிய வாயை அவள்தான் துடைத்துவிட்டாள். அப்போதும் சொல்லவில்லை. என்ன பெண் இவள் என்று நமக்குக் கோபம் வருகிறது. அவளுக்கும் வந்தது, மாதாகோயில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் அழுதாள். தெரியாமல் செய்தது பாவமில்லை என்றார் அவர். தெரிந்தபின் சும்மா இருப்பதை அவள் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை.

ஆடி பிறந்த மூன்றாம் நாள் வரலட்சுமியே நேராக ஆரோக்கியம்மாள் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் எத்தனையோ மாதத்துக்கப்புறம் ஒரு வெளிச்சம்.

“வெள்ளிக்கெழம ஆனந்தன் ஊட்டுக்கு வரான். எல்லாரையும் கூப்ட்டுக்கீறேன். எரநூறு பப்ஸ் ஓணும்.” முந்தானைக்குள்ளிருந்து ஒரு டின்னை எடுத்து அவள் கையில் வைத்தாள். “டின்னு கெடைக்கலன்னியே. ஊட்டுக்காரரு பட்டணத்துல அலைஞ்சி வாங்கியாந்தாரு. பழைய மாதிரி சீஸு வச்சி சுடு. நானும் அன்னிக்கி உன் கையாலதான் வெரதம் முடிக்கணும்.”

ஆரோக்கியம்மாள் டின்னைப் பார்த்தாள். பிறகு அடுப்படி மேடையில் வைத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கன்றுக்குட்டி, சவ்வு, எட்டு வருஷத்து வெள்ளிக்கிழமைகள், ஒன்றையும் விடவில்லை. “தப்பு உங்களுது இல்லக்கா. என்னோடது” என்று முடித்தாள்.

கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தாள். வரலட்சுமி மெதுவாகக் கேட்டாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“பங்குனில.”

“கன்னியம்மாவ நான் தொரத்தனப்ப தெரியும்.”

“தெரியும்க்கா.”

“நான் மண்ணுல சோறு தின்னப்ப.”

“அப்பவும் தெரியும்க்கா.”

“தெரியாம ஊட்டுன. அத்த ஆத்தா பொறுத்துக்குவா, நானும் பொறுத்துக்கினேன்” என்றாள் வரலட்சுமி. “தெரிஞ்சி என் வாயத் தொடச்சி உட்டியே, அத்த யாரு பொறுக்கிறது?”

படியிறங்கினாள். தன் வீட்டுப் பக்கம் திரும்பாமல், கன்னியம்மாள் குடியிருந்த சந்துக்கு நடந்தாள். ஆரோக்கியம்மாள் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினாள். “நானும் வரேன்க்கா. கன்னியம்மா கையில நானே சொல்றேன். நான்தான் சொல்லணும்.”

வரலட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை. “நாலு மாசம் கழிச்சி இன்னாத்துக்கு?” என்று சொல்லிக்கொண்டே போனாள்.