நாற்பத்தைந்தில் முப்பது போனால்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஹைதராபாத்தில் ராமச்சந்திராபுரம் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் தர ஆய்வாளராகச் சேர்ந்திருந்தேன். ஆறு மாதம் கெட்ட பெயர் இல்லாமல் ஓட்டினால்தான் வேலை நிரந்தரம். ஐந்தரை மாதம் முடிந்திருந்தது. திருச்சியிலிருந்து மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டி வந்துவிட்டேன்.

அன்று சூப்பர்வைசர் லீவு. ஒரு எஃகுத் துண்டின் முகத்தைச் சரியாகப் பதினைந்து டிகிரி சாய்வில் தேய்த்து, பதினோரு மணி வண்டியில் அனுப்ப வேண்டும். இருப்பது ஒரே துண்டு. அதிகம் தேய்ந்துவிட்டால் குப்பைதான், என் வேலையும் கூடவே போகும்.

சாய்வு வைக்க எங்களிடம் சைன் பார் உண்டு. இருநூறு மில்லிமீட்டர் நீளப் பட்டை. ஒரு முனைக்கு அடியில் சின்னச் சின்ன எஃகுக் கட்டைகளை அடுக்கித் தூக்க வேண்டும். எத்தனை டிகிரியோ அதன் சைன் மதிப்பை இருநூறால் பெருக்கினால் அடுக்க வேண்டிய உயரம். ஆனால் சைன் 15 எவ்வளவு? சுவரில் இருந்த அட்டவணை வெள்ளையடித்தபோது போய்விட்டது. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஸ்டோரில் கிடைத்த கால்குலேட்டரில் ரூட் உண்டு, சைன் கிடையாது.

மணி பத்தே கால். வெளியே வண்டிக்காரர் வேறு ஹாரன் அடிக்கிறார். பத்தாம் வகுப்பில் படித்த 45, 30 இரண்டின் சைன் மதிப்புகளும் நினைவில் இருந்தன. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன், இருநூறால் பெருக்கினேன். 41.42. கட்டைகளை அடுக்கி, ஓட்டுங்கள் என்றேன்.

கிரைண்டிங் மெஷினில் இருந்தவர் என் வயதுப் பெண். அப்பா காலத்திலிருந்தே இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பம், பேச்சில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும். அடுக்கைக் குனிந்து பார்த்தார், மெஷினைத் தொடவில்லை.

"நக்கோ சார், வேண்டாம். கம்மியா தெரியுது."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. இன்ஜினியரிங் படித்தது நானா நீங்களா, நாற்பத்தைந்தின் உயரத்தில் முப்பதின் உயரம் போனால் பதினைந்துக்கு இதுதான் என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் முகம் வாடியது. ஆனாலும் மெஷினைப் போடவில்லை.

"அறுபதுக்கு 173 சொச்சம் வைப்போம், முப்பதுக்கு நூறு. அறுபதுல முப்பது போனா முப்பதுதானே சார்? உங்க கணக்குல நூறு வராம எழுபத்து மூணுல்ல வருது."

அவர் சொன்னது சரி. கோணங்களைக் கழிக்கலாம், சைன்களை அப்படிக் கழிக்க முடியாது. பதினொன்றாம் வகுப்பில் ராகம் போட்டு ஒப்பித்த சூத்திரம் அப்போதுதான் வந்து சேர்ந்தது. சைன் 45ஐ காஸ் 30ஆல் பெருக்கி, அதிலிருந்து காஸ் 45, சைன் 30 இரண்டின் பெருக்கலைக் கழிக்க வேண்டும். ஒரு காகிதத்தில் எழுதினேன். ரூட் ஆறில் ரூட் இரண்டு போக, மீதியை நான்கால் வகுத்தால் சைன் 15, துல்லியமாக. தசமத்தைக் கடைசியில்தான் தொட்டேன். உயரம் 51.764. பத்து மில்லிமீட்டருக்கு மேல் தப்பு செய்திருக்கிறேன்.

அதே சூத்திரத்தில் அறுபதையும் முப்பதையும் போட்டுப் பார்த்தேன். சரியாக நூறு வந்தது. காகிதத்தை அவரிடம் நீட்டினேன். அவர் ஒருமுறை பார்த்துவிட்டு மெஷினைப் போட்டார்.

துண்டு பாஸாகி, வண்டி பதினொன்றே காலுக்குக் கிளம்பியது. எல்லோர் முன்னாலும் கத்தியவன், மன்னிப்பை மட்டும் டீ நேரத்தில் தனியாகப் போய்க் கேட்டேன். அவர், "ஹவ் சார், சரி, பரவால்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அந்த மாதக் கடைசியில் வேலை நிரந்தரமானது. இன்றைக்கும் ஒரு விடை சட்டென்று வந்துவிட்டால், அந்த முப்பது டிகிரி போல விடை தெரிந்த ஒரு கணக்கில் போட்டுப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன். அவரிடம் எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டிய மன்னிப்பு மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது.