யார் கையிலும் குடிக்க வேண்டும்

தையல் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் நான் சமையல்காரி. காய்கறியை வேகவைத்து மசிப்பது என் வேலை. அதை ஊட்டி, கூடவே தண்ணீர் குடிக்கப் பழக்குவது ஒருவாய் அக்காவின் வேலை. "ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று குழந்தைகளிடம் கெஞ்சியே வந்த பெயர். என்னைவிடச் சின்னவள்தான். எல்லோரும் அக்கா என்றதால் நானும் அப்படியே கூப்பிட்டுத் தொலைத்தேன்.

ஆறு மாதம் முடிந்து முதல் கவளம் உள்ளே போகும் நாளில்தான் தண்ணீரும். அதற்கு முன்னால் ஒரு சொட்டுகூடக் கொடுக்க விடமாட்டாள். காய்ச்சி ஆறிய தண்ணீரைச் சின்ன எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, கீழுதட்டில் விளிம்பை வைத்துவிட்டுக் காத்திருப்பாள். குழந்தைதான் உறிஞ்ச வேண்டும். பாதி சட்டையில் போகும். "சட்டைக்கும் தாகம்தானே" என்பாள். இரண்டு மூன்று வாயோடு நிறுத்திவிடுவாள். வயிற்றில் பாலுக்கு இடம் வேண்டுமாம்.

அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. நாலாம் நாளே டம்ளர் கை மாறிவிடும். ஒரு நாள் நான், ஒரு நாள் கூட்டுகிறவள், ஆள் இல்லாவிட்டால் வாட்ச்மேன். "என் கையிலயே பழகிட்டா, நான் லீவு போட்ட அன்னிக்குப் புள்ள வாய் காஞ்சு கெடக்கும்" என்பாள். ஆள் மாறும்போது பழகிய ஆள் கண்ணில் படக்கூடாது. அவளே வெளியே போய் நிற்பாள்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம். அவளுக்குக் குழந்தை இல்லை. தங்கச்சிக்குப் பையன் பிறந்த நாலாம் மாதம், நுரையீரலில் நோய் என்று தங்கச்சியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழந்தையைக் கிட்டே விடக்கூடாது என்றார் டாக்டர். தங்கச்சி புருஷன் லாரி ஓட்டுகிறவன், பாதி நாள் ஊரில் இருக்கமாட்டான். பையன் இவளிடம் வந்தான். காப்பகத்துக்கும் இடுப்பிலேயே வந்தான்.

ஆறு மாதம் முடிந்து தண்ணீர் பழக்கியபோது, அவன் டம்ளரை மட்டும் அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. நான் கை நீட்டினால், "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று திரும்பிக்கொள்வாள். எனக்குத் தெரியாமலா இருக்கும்? கேட்டிருக்க வேண்டும். கேட்க மனசு வரவில்லை. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஐந்து மாதம் கழித்து, குணமாகி, பிள்ளையைக் கூட்டிப்போக வந்தாள் தங்கச்சி. பையன் பழகட்டும் என்று அக்கா வீட்டிலேயே தங்கினாள். எதிர் வீடுதான் எனக்கு, நானும் போனேன். முதல் நாள் பையன் அழுது தீர்த்தான். இரண்டாம் நாள் தங்கச்சி ஊட்டியதைத் தின்றான். தூக்கக் கலக்கத்தில் பாலும் குடித்தான். தண்ணீருக்கு மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு பெரியம்மாவைத் தேடினான். மூன்றாம் நாள் வெளிக்குப் போக முடியாமல் முக்கி முக்கிக் கதறினான். பார்க்கச் சகிக்கவில்லை.

தங்கச்சி டம்ளரைக் கீழே வைத்தாள். "பெத்தவ கை அவனுக்கு வேணாமாம். உன்கிட்டயே இருக்கட்டும்க்கா. நான் வந்து வந்து பாத்துட்டுப் போறேன்."

ஒருவாய் அக்கா சரி என்று ஒரு சொல் சொன்னால் பையன் அவளுக்கு. சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன். அவள் டம்ளரை எடுத்துத் தங்கச்சி கையில் திணித்தாள்.

"தப்பு என்னுதுடி. உன் கை நல்ல கைதான். உதட்டுல வெச்சிட்டுச் சும்மா இரு. ஊத்தாத. அழுதாலும் என்னைக் கூப்பிடாத."

வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே அவன் அலறினான். அவள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரமோ தெரியாது, அழுகை விசும்பலாகி, அதுவும் நின்றது.

"அக்கா, குடிச்சிட்டான். மூணு வாய் குடிச்சிட்டான். உள்ள வந்து பாரேன்." தங்கச்சி சிரித்துக்கொண்டே அழுவது கேட்டது.

ஒருவாய் அக்கா எழுந்து கதவில் கை வைத்தாள். தள்ளவில்லை.

"என்னைப் பாத்தா துப்பிடுவான்" என்று என்னிடம் மெல்லச் சொல்லிவிட்டு, செருப்புகூடப் போடாமல் படியிறங்கிப் போனாள்.