பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்னால்

எனக்குப் பன்னிரண்டு வயது ஆகப்போகிற அந்த ஜூலை மாதத்தில், என்னைக் கண்டதும் வீட்டில் பேச்சு நின்றுபோக ஆரம்பித்தது. நான் அடுப்படிக்குள் நுழைந்தால் அம்மா போனைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் கொதிக்காத குழம்பைக் கிண்டுவாள். அப்பா வாசலில் நின்று போனில் யாரிடமோ, "ஞாயித்துக்கெழம காலைல கொண்டாந்து விட்டுர்றேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். என் கொலுசுச் சத்தம் கேட்டதும் தக்காளி விலையைப் பேசுவார். அப்பாவிடம் ஒரு லோடு ஆட்டோ இருந்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து திண்டுக்கல்லுக்குக் காய்கறி ஏற்றி வருவார். அதனால் அவர் தக்காளி விலை பேசுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் போனைச் சட்டைப்பையில் போட்டபிறகும் பேசிக்கொண்டிருந்தார்.

எனக்கு அதற்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. ஏழாம் வகுப்பின் முதல் தேர்வில் கணக்குப் பாடத்தில் நான் பத்தொன்பது மதிப்பெண் வாங்கியிருந்தேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போடும்போது அப்பா, "இவள ஹாஸ்டல்ல சேத்து விட்டாத்தான் சரிப்படும்" என்றார். சொன்னவர் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அதை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

அதன்பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தோடு பொருந்திக்கொண்டே வந்தது. என் தங்கைக்கு அப்போது ஆறு வயது. ஒரு மதியம் தன் பொம்மைக்குத் தலை சீவிக்கொண்டே, "ஒன்னய ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போகப் போறாங்க. அங்க நெறையப் பொம்பளப் புள்ளைக இருப்பாங்க. எல்லாரும் ஒரே தொட்டியில குளிப்பீங்க" என்றாள். சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். எங்கள் வகுப்பில் முன்பு ஹாஸ்டலில் தங்கிப் படித்த ஒருத்தி இருந்தாள். அங்கே காலையில் எல்லோரும் வரிசையாகத் தொட்டியைச் சுற்றி நின்று குளிப்பார்கள் என்று அவள்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தாள்.

பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். ஜெனி என் பக்கத்திலேயே உட்கார்ந்து படிப்பவள், என் உயிர்த்தோழி. அவளும் இன்னும் ஏழெட்டுப் பேரும் இன்டர்வெல்லில் ஒன்றாக நிற்பார்கள். நான் போனால் கலைவார்கள். ஒருநாள் தாங்க முடியாமல் அவளிடமே கேட்டேன்.

"நான் போயிட்டா நீ யாரு பக்கத்துல உக்காருவ?"

அவள் என்னைச் செத்த நேரம் விழித்துப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஓடிவிட்டாள். அன்று மதியம் நான் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு பை இருந்ததைப் பார்த்தேன். என்னுடைய இரண்டு செட் துணி, துண்டு, சீப்பு, பிரிக்காத புதுச் சோப்பு. புதன்கிழமை என் பிறந்தநாள். அதற்குக்கூடக் காத்திருக்கவில்லையே என்று நினைத்தபோது அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு யாரிடம் போகலாம் என்று யோசித்தேன்.

அய்யலூரில் அத்தை இருந்தாள், அப்பாவின் அக்கா. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தை வீட்டு மாமா ஆட்டு வியாபாரி, பாதி நாள் ஊரிலேயே இருக்கமாட்டார். மூன்று வருடம் முன்புவரை அத்தை வாரம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் அவளும் அம்மாவும் சத்தமாகப் பேசினார்கள். என்னையும் தங்கையையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாங்கள் திரும்பி வந்தபோது அத்தை போய்விட்டிருந்தாள். அதற்குப் பிறகு அம்மா அய்யலூருக்குப் போனதில்லை, அத்தையும் எங்கள் வாசலை மிதித்ததில்லை. அப்பா மட்டும் எப்போதாவது என்னைக் கூட்டிப் போவார். கிளம்பும்போதெல்லாம் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கு ஒண்ணுன்னா அத்தைகிட்ட வந்துரு சாமி" என்பாள். இப்போது எனக்கு ஒன்று ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், நத்தத்தில் இருக்கும் தாய்மாமா தோப்புக்குப் போகிறோம் என்றாள் அம்மா. எனக்கு நல்ல சட்டையாகப் போட்டு, தலையை வாரி உயர்த்தி ஒரே குதிரைவாலாகக் கட்டிவிட்டாள். நான் பென்சில் டப்பாவில் சேர்த்துவைத்திருந்த ரூபாய் நோட்டுகளைப் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்த துணிப்பை வண்டியின் பின்னால் ஏறியதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை யாரும் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரியாணிக் கடை முன்னால் அப்பா வண்டியை நிறுத்தினார். பார்சல் வாங்க அவர் உள்ளே போனார். அம்மா தங்கையையும் இழுத்துக்கொண்டு எதிரே ஒரு கடைக்குப் போனாள். தங்கையை என்னோடு தனியாக விட்டால் எதையாவது உளறிவிடுவாள் என்று அவளுக்குப் பயம். அவசரத்தில் போனை சீட்டிலேயே விட்டுவிட்டாள். அதில் மணி அடித்தது. சித்தியிடமிருந்து குரல் செய்தி. சித்தி அம்மாவின் தங்கை, கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறவள். நான் அதைத் தட்டினேன்.

"அக்கா, பிள்ளைக எல்லாம் வந்து எறங்கிருச்சு. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல? பாத்ததும் ஓன்னு அழப் போறா பாரு. அழுகட்டும், நான் வீடியோ எடுக்கணும்."

அதற்குப் பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? கதவைத் திறந்து இறங்கினேன். ஓடவில்லை, ஓடினால் பிடிப்பார்கள் என்று நடந்தேன். அய்யலூர் வழியாகத் திருச்சி போகும் பஸ் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது, ஏறிவிட்டேன். கண்டக்டர் யாரோடு வந்திருக்கிறாய் என்று கேட்டதற்கு முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் காட்டி, "அம்மா" என்றேன். அப்படிச் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அத்தை கொல்லையில் ஆடுகளுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தழைக்கட்டை அப்படியே கீழே போட்டாள்.

"ஏ ஆத்தா, யாரு கூட வந்த? அப்பா எங்க?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பத்தொன்பது மதிப்பெண்ணிலிருந்து சித்தியின் வீடியோ வரைக்கும் சொன்னேன். அத்தை கையைக் கழுவிக்கொண்டு வந்து தோசை ஊற்றினாள். "தொட்டுக்க வெஞ்சனம் ஒண்ணும் வைக்கல சாமி" என்று சொல்லி, பொடியில் நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்தாள். நான் தின்னத் தின்ன ஊற்றிக்கொண்டே இருந்தாள். பஸ் காற்றில் என் முடி கலைந்திருந்தது. எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, குதிரைவாலை அவிழ்த்து எண்ணெய் வைத்து, ரெட்டைச் சடை பின்ன ஆரம்பித்தாள். அவ்வளவு மெதுவாக யாரும் எனக்குச் சடை பின்னியதில்லை.

அலமாரியில் போன் அடித்தது.

"அத்தை, போன்."

"அடிக்கட்டும்."

நின்றது. மறுபடியும் அடித்தது. அத்தை எழுந்திருக்கவில்லை. ஒரு சடையை முடித்து, கனகாம்பரச் சரத்தைக் கிள்ளி வைத்தாள். இரண்டாவது சடையில் பாதி வந்தபோது என் காதுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"அத்தைகூட இங்கயே இருந்துர்றியா?"

வாயில் தோசை இருந்தது. "இருக்கேன் அத்தை" என்றேன்.

பின்னிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்க்க முயன்றேன். தலையை அசைக்க விடாமல் பிடித்துக்கொண்டாள். வெளியே ஆடு ஒன்று கத்திக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து அந்தச் சடையையும் பின்னி முடித்து, அதற்கும் பூ வைத்து, எழுந்துபோய் போனை எடுத்தாள். நான் இங்கேயே இருக்கப்போவதை அப்பாவிடம் சொல்லப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த தோசைக்குத் தட்டை நீட்டினேன்.

வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. அம்மாதான் முதலில் இறங்கினாள். பஸ் ஸ்டாண்ட் முழுக்கத் தேடி ஓடியதில் செருப்பு அறுந்து, வெறுங்காலோடு இருந்தாள். என்னை அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் தோள்களைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்தாள், பிறகு தலையைப் பார்த்தாள். ரெட்டைச் சடை, கனகாம்பரம், வழிய வழிய எண்ணெய். காலையில் கட்டிய குதிரைவால் எங்கே என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

"எப்ப வந்தா மதினி?" என்றாள். மூன்று வருடத்தில் அத்தையோடு அவள் பேசிய முதல் பேச்சு.

"இப்பத்தான் வந்து எறங்குனா. ஒடனே போன் போட்டேன்" என்றாள் அத்தை.

"நான் ரெண்டு தடவ அடிச்சேனேக்கா?" என்றார் அப்பா.

"கொல்லையில ஆட்டுக்குத் தழ போட்டுட்டு இருந்தேன். காதுல விழுகல."

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் தோசை மாவுப் பாத்திரம் காலியாகக் கிடந்தது. அதையும் பார்த்தாள்.

ஹாஸ்டல் விவகாரம் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. எந்த ஹாஸ்டல் என்று அப்பா மூன்று முறை கேட்டார். கணக்குத் தாளை ஞாபகப்படுத்தியதும் தலையில் கைவைத்துக்கொண்டு வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். நத்தத்துத் தோப்பில் ஜெனியும் மற்ற பிள்ளைகளும் காலையிலிருந்து எனக்காகக் காத்திருக்கிறார்கள், பம்ப்செட் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறது, சித்தி மரத்துக்கு மரம் பலூன் கட்டியிருக்கிறாள், எல்லாம் எனக்குத் தெரியாமல் செய்த ஏற்பாடு என்று அம்மா சொன்னாள். சந்தோஷப்பட வேண்டும் என்று புரிந்தது. ஆனால் இரண்டு வாரமாகச் சேர்த்துவைத்த துக்கத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. யாரும் என்னை அனுப்பவில்லை, நானாகவே போயிருக்கிறேன். அதற்குத்தான் மறுபடி அழுதேன்.

கிளம்பும்போது அத்தை வாசலிலேயே நின்றாள். அம்மா வண்டியில் ஒரு காலை வைத்தவள் இறங்கினாள்.

"நீங்களும் வாங்க மதினி."

"இல்லத்தா. ஆடு கெடக்கு."

"ஆட்ட பக்கத்து வீட்ல பாத்துக்கச் சொல்லுங்க. பிள்ளைக்குப் பொறந்த நாளு."

அம்மா கூப்பிட்ட விதம் அழைப்பு போல இல்லை, சண்டை போல இருந்தது. அத்தை உள்ளே போய்ச் சேலை மாற்றி வந்தாள். முன்னால் எல்லோரும் நெருக்கிக்கொண்டு உட்கார இடமில்லாததால், தங்கையை அப்பாவோடு முன்னால் உட்காரவைத்துவிட்டு, அம்மாவும் அத்தையும் நானும் பின்னால் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்தோம். எனக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேரும். அய்யலூரிலிருந்து நத்தம் வரைக்கும் அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது மட்டும் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் என்னைப் பிடித்தன.

தோப்பில் நாங்கள் போய் இறங்கியபோது மணி இரண்டு. கேக் வெயிலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, என் பெயரில் பாதி எழுத்து வழிந்துபோயிருந்தது. பிள்ளைகள் பசி தாங்காமல் பட்டாணியும் மாங்காயும் தின்று ஓய்ந்து, நிழலில் படுத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்து ஆளுக்கொரு நேரத்தில் "சர்ப்ரைஸ்!" என்று கத்தினார்கள். சித்தி போனைத் தூக்கிப் பிடித்தாள். அந்த வீடியோ இன்னமும் அவளிடம் இருக்கிறது. அதில் நான் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ரெட்டைச் சடையோடு, தவறான வீட்டுக்குள் வந்துவிட்டவளைப் போல நிற்கிறேன். பின்னால் பலூன்களுக்குக் கீழே அம்மாவும் அத்தையும் சேர்ந்து பிரியாணிப் பொட்டலங்களைப் பிரிக்கிறார்கள்.

பிறகு தொட்டியில் குதித்தோம். ஜெனி என் தலையை முக்கினாள், கனகாம்பரம் தண்ணீரில் மிதந்து போனது. ஒருவழியாக எனக்குச் சந்தோஷம் வந்து சேர்ந்தது.

வெயில் தாழ்ந்தபோது அம்மா என்னைத் தனியாக ஒரு மரத்தடியில் நிறுத்தித் தலை துவட்டினாள். பொய் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அதனால் சொல்லிவிட்டேன்.

"அம்மா, அத்தை பொய் சொன்னாங்க. நான் ரொம்ப நேரத்துக்கு முந்தியே போயிட்டேன். அப்பா போன் அடிச்சப்ப நான் அங்கனதான் இருந்தேன்."

துண்டு என் முகத்தின்மேல் அப்படியே நின்றது. அம்மாவின் முகம் எனக்குத் தெரியவில்லை.

"தெரியும்" என்றாள். "அப்பாகிட்டச் சொல்லாத. யாருகிட்டயும் சொல்லாத."

தலையாட்டினேன். இரண்டு வாரமாக எல்லோரும் என்னிடம் மறைத்துவைத்த ரகசியம் அன்றைக்குத்தான் தீர்ந்திருந்தது. அதற்குள் என் கையில் இன்னொன்றைக் கொடுத்துவிட்டாள். அத்தையை அப்பா திட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று வருடம் முன்பு நடந்த அந்தச் சண்டை எதற்கு என்று நான் கல்லூரியில் படிக்கும்போது அம்மாவே சொன்னாள். ரெண்டு பொண்ணு வச்சிருக்கியே, மூத்தவள எங்கிட்டக் குடுத்துரு, நான் வளத்துக்குறேன் என்று அத்தை கேட்டிருக்கிறாள். அம்மா சொன்ன பதிலை மட்டும் அவள் எனக்குச் சொல்லவில்லை. நானும் அவளிடம் ஒன்றைச் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை அதையே என்னிடமும் கேட்டாள், நான் சரி என்று சொன்னேன்.

தோசையை மென்றுகொண்டே "இருக்கேன்" என்றபோது எதற்குச் சம்மதிக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. அந்த ஒரு சொல்லைக் கேட்டபிறகு அத்தை ஏன் எழுந்துபோய் போனை எடுத்து என்னைத் திருப்பிக் கொடுத்தாள் என்பதும் தெரியாது.