என் ஓட்டத்தைப் பார்த்தவன்

"எந்தச் சண்டையில போச்சி?" ஆரணியில் என் காலைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் முதல் கேள்வி இதுதான். கால் போன மிலிட்டரிக்காரன் என்றால் பின்னால் ஒரு சண்டை இருந்தே தீர வேண்டும் என்பது ஊரின் தீர்மானம். நான் பட்டாளத்தில் சேர்ந்ததே சண்டை முடிந்த மறு வருஷம். துப்பாக்கியைத் துடைத்து வைத்தது தவிர அதை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் கிழிக்கவில்லை. மலைப்பாதையில் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிப் போன லாரி மழையில் வழுக்கிக் கவிழ்ந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு இடது கால் போயிற்று. இதைச் சொன்னால் கேட்டவர் முகம் சப்பென்று ஆகிவிடும். ஒரு சலூன்காரர், "சும்மா சண்டைன்னே சொல்லுங்க, யாரு வந்து பார்க்கப் போறாங்க?" என்று யோசனை சொன்னார். பாதி சவரத்தோடு எழுந்து வந்துவிட்டேன்.

எனக்கு இருந்த ஏக்கம் வேறு. பட்டாளத்துக்குப் போகும்வரை நான் தறிக்குழியில் குந்திய நோஞ்சான். எனக்கு ஓட வரும் என்பதே அங்கே போய்த்தான் எனக்குத் தெரிந்தது. சும்மா ஓட்டம் இல்லை. பட்டாளத்தில் எங்கள் கம்பெனிக்காக மைதானத்தில் இறங்கினால் கடைசிச் சுற்றில் காது இரண்டும் அடைத்துக்கொள்ளும், உடம்பு எங்கோ போய்விடும், கால் மட்டும் தானாகப் போய்க்கொண்டிருக்கும். அந்தச் சுகத்தை இன்றுவரை வேறெதிலும் நான் அனுபவித்ததில்லை. ஆனால் ஊரில் அதைப் பார்த்தவர் ஒருவர்கூடக் கிடையாது. எனக்குக் கல்யாணம் ஆனதும் கால் போன பிறகுதான்.

கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று பட்டுப்புடவை நெய்வதற்குத் தறியில் இரண்டு ஆள் வேண்டும். குழியில் இறங்கிக் கால்மிதி மிதித்து நெய்வாள் என் வீட்டுக்காரி. பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான இழை சுற்றிய நாடாவைத் தள்ளிவிடுவேன் நான். சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்கிற இடம் அது. ஆரம்பத்தில் மானம் போயிற்று, பிறகு பழகிவிட்டது. நாடாவைத் தள்ளிக்கொண்டே என் ஓட்டக் கதையைச் சொல்வேன். "உம்" கொட்டுவாள். அந்த உம்மில் துளி நம்பிக்கை இருக்காது. ஒருநாள் வாய்விட்டே கேட்டாள்: "ஊருக்குத்தான் சண்டைன்னு புளுக மாட்டேன்றீங்க, அதுக்குப் பதிலா எனக்கு ஓட்டமா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

பார்த்தவன் ஒருவன் இருந்தான். அந்த லாரியை ஓட்டியவன். சேத்துப்பட்டுக்குப் பக்கத்துக் கிராமம். பட்டாளத்தில் சுற்றிலும் இந்தி கேட்டு நாக்கு செத்துக் கிடந்த காலத்தில், "இன்னாய்யா, துன்னியா?" என்று எங்கள் ஊர்ப் பேச்சில் கேட்ட ஒரே வாய் அவனுடையது. நான் ஓடும்போதெல்லாம் மைதானத்து ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துவான். லாரி கவிழ்ந்ததில் அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை வந்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்றான். நான் கண்ணைத் திறந்ததும் போய்விட்டான். பிறகு வரவேயில்லை.

அவனும் சர்வீஸ் முடித்து ஊருக்கு வந்துவிட்டதை வேலூர் மிலிட்டரி கேன்டீனில் ஒருவர் சொன்னார். அந்தப் பக்கம் போகிற ஆளிடமெல்லாம் "வரச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினேன். ஒரு பதிலும் இல்லை. "பஸ் ஏறினா ஊரு, நீங்க போய்ப் பார்க்கறதுதானே?" என்பாள் வீட்டுக்காரி. எப்படிப் போவது? கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு அவன் வாசலில், அவன் பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் நான் போய் நின்றால், போன காலுக்குக் கணக்குக் கேட்க வந்தவன் மாதிரி ஆகிவிடாதா? அவன்தான் வர வேண்டும். வருஷக்கணக்காகச் சேத்துப்பட்டு பஸ் ஹாரன் கேட்டால் என் கை நாடாவைத் தள்ளாமல் ஒரு நொடி நின்றுவிடும். "கரை தப்புது" என்று அவள் திட்டுவாள்.

ஒரு தை மாதக் காலை, முகூர்த்தப் புடவை எடுக்க இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி கல்யாணப் பெண், கூட வந்தவள் அவள் அண்ணி. எங்கள் தறியில் இறங்கிய அரக்குக் கரைப் புடவையைப் பிரித்துக் காட்டி, எந்த ஊர் என்று கேட்டாள் என் வீட்டுக்காரி.

"சேத்துப்பட்டு பக்கம்க்கா. எங்க அண்ணன் மிலிட்டரில டிரைவரா இருந்துச்சி. பொடவ எடுத்தா இந்த வூட்லதான் எடுக்கணும்னு ஒரே பிடிவாதம். தெருமுன வரைக்கும் கூட்டினு வந்து வூட்டக் காட்டிட்டு, உள்ள கூப்பிட்டா வரவே மாட்டேன்னு டீக்கடையிலயே குந்திகினு கீது. அடுத்த பஸ்ல அது மட்டும் முன்னால போவுதாம்."

கட்டைகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், தெரு நீளத்துக்கும் தறிக்கான பாவு நூலை இடுப்பளவு உயரத்தில் விரித்துக் கட்டியிருக்கிறார்கள். அப்போதுதான் கஞ்சி தெளித்து நீவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் திறந்த சாக்கடை, நடக்கிற இடமெல்லாம் எதிர்ப்பக்கம். ஈரப் பாவைத் தூக்கவோ தளர்த்தவோ கூடாது, இழை ஒட்டிப் பாழாகிவிடும். கால் உள்ளவர்கள் குனிந்து அடியில் நுழைந்து போவார்கள். இரண்டு கட்டையோடு குனிய முடியாது. அதனால் பாவு போடுகிற காலையென்றால், அதைச் சுருட்டும்வரை நான் வீட்டுக்குள் அடைந்து கிடப்பேன். பத்து வருஷமாக அதுதான் வழக்கம். தவழ்ந்து போகலாம்தான். தெரு பார்க்க ஒருநாளும் தவழ மாட்டேன் என்று எனக்குள் ஒரு வீம்பு.

தூரத்தில் பஸ் ஹாரன் அடித்தது.

பின்னாலேயே வந்த வீட்டுக்காரி கையில் கட்டைகளைத் திணித்தேன். மண்ணில் விழுந்தேன். பட்டாளத்தில் புதுசாகச் சேர்ந்த ரங்ரூட்டாக இருந்தபோது கயிற்றுக்கு அடியில் முழங்கையால் ஊர வைப்பார்கள், முதுகு கொஞ்சம் எழும்பினால் பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் மிதிப்பார். அதே மாதிரி ஊர்ந்தேன். பாவிலிருந்து கஞ்சி என் பிடரியில் சொட்டியது. நீவிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். யார் பார்த்தால் எனக்கென்ன? எனக்கு முன்னாலேயே குனிந்து எதிர்ப்பக்கம் போயிருந்த வீட்டுக்காரி என்னைத் தூக்கி நிறுத்திக் கட்டைகளைக் கொடுத்தாள். "ஜல்தி போங்க" என்றாள்.

டீக்கடை வாசலில் பஸ் நின்றிருந்தது. அவன் படியில் ஒரு காலை வைத்துவிட்டான். தலை பாதி நரைத்திருந்தது. "யோவ்!" என்று கத்தினேன். திரும்பினான். மண்ணும் கஞ்சியுமாக நின்ற என்னைப் பார்த்தான். மடித்துக் கட்டிய வேட்டியைப் பார்த்தான். காலை இறக்கிவிட்டான். பஸ் போய்விட்டது.

பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். லாரியைப் பற்றி அவன் வாயைத் திறந்துவிடுவானோ என்று எனக்குப் பயம். எனக்கு அது வேண்டாம். நானே முந்திக்கொண்டேன்.

"அந்த கிரவுண்டு ஞாபகம் கீதாய்யா?"

"மறக்குமா?" அவன் தலையைத் தூக்கினான். "எவன்யா உன்ன அங்க புடிச்சான்? கடைசி ரவுண்டுல எல்லாரையும் வுட்டுட்டு தனியா வருவியே. பஞ்சாபிக்காரனுங்க ஆறடி ஆளுங்க, வாயப் பொளந்துகினு நிப்பானுங்க."

மளமளவென்று பேச்சு வந்தது அவனுக்கு. நான் எப்படிக் கையை வீசுவேன், ஜெயித்த பிறகு எப்படி மல்லாந்து விழுந்து சிரிப்பேன் என்று எனக்கே மறந்துபோனதை எல்லாம் சொன்னான். கேட்கக் கேட்க உள்ளங்கால் இரண்டும் குறுகுறுத்தன. இரண்டும்தான்.

அப்போதுதான் பின்னால் என் வீட்டுக்காரி நிற்பதைக் கவனித்தேன். எப்போது வந்தாளோ, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் கண் என் வேட்டி மடிப்பில் இருந்தது. மீதிக்காலில் புண் வந்தபோதெல்லாம் மருந்து போட்டிருக்கிறாள், குளிப்பாட்டியிருக்கிறாள், அந்தக் காலுக்காக அவள் ஒரு நாளும் அழுது நான் பார்த்ததில்லை.

"இன்னாத்துக்குடி அழற?" என்றேன்.

"இத்தினி வருசமா அது எனக்கு இல்லாத காலுதாங்க," என்றாள். "இவரு சொல்லச் சொல்ல அது ஓடறதப் பார்த்தேன். இன்னிக்கிதான் போச்சி."