கட்டில் காலி

என் மகளுக்கு நான்கு வயதில் நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. வடக்கனந்தலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த நான், சேற்றுக் காலோடு அவளைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். வீட்டுக்காரர் கரும்பு வெட்ட வெளியூர் போயிருந்தார். ஆஸ்பத்திரியில் நிமோனியா என்று சொல்லி, குழந்தைகள் வார்டில் ஜன்னலோரமாக ஒரு கட்டில் கொடுத்தார்கள். வேளைக்கு ஒரு ஊசி, இடுப்பில்.

அந்தக் கட்டிலைப் பார்த்ததுமே, இவள் விழுந்துவிடுவாள் என்று பயந்தேன். என் இடுப்பு உயரம். பக்கத்தில் தடுப்பு கிடையாது. பிறந்ததிலிருந்து பாயில் படுத்து, சுவர்வரை உருண்டு போகிறவள் என் மகள். முதல் நாள் முழுக்க அவள் காலைப் பிடித்தபடியே நின்றேன். மறுநாள் விடிந்ததும் கட்டிலுக்கு அடியில் புடவையை விரித்து அவளைப் படுக்கவைத்து, நானும் பக்கத்தில் சுருண்டுகொண்டேன். அப்பாடா என்றிருந்தது.

டாக்டரும் நர்சும் வந்தார்கள். செருப்புகள் எங்கள் கட்டிலருகே கொஞ்சம் நின்றன, பிறகு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டன. அன்று ஊசி இல்லை. அடுத்த நாள் காலையிலும் இல்லை. நோய் குறைந்திருக்கும், அதனால்தான் நிறுத்திவிட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் அவள் விலா உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு கருத்திருந்தது. வாரியெடுத்துக்கொண்டு நர்சின் மேஜைக்கு ஓடினேன்.

"சிஸ்டர், புள்ளைக்கு மூச்சு வாங்குது, பாருங்க!"

அந்த அம்மா நோட்டைப் புரட்டினார். "நேத்தே இட்டுக்கினு போய்ட்டீங்களே? இப்ப இன்னாத்துக்கு வந்தீங்க?"

"நாங்க எங்கயும் போவலியே!"

"கட்டில் காலியா இருந்துச்சு. சொல்லாம போய்ட்டாங்கன்னு எழுதியாச்சு. கீழ போய் புதுசா சீட்டு வாங்கியா."

அவர்கள் நின்ற இடத்துக்கு ஒரு முழம் கீழே, ஒன்றரை நாளாக என் பெண் மருந்தில்லாமல் கிடந்திருக்கிறாள். நோட்டில் மட்டும் ஊருக்குப் போய்விட்டாள்!

கீழே சீட்டு வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. என் மாமியாரே அதை ஒத்துக்கொள்வார். மகளை அந்த நோட்டின் மேலேயே கிடத்தினேன்.

"போய்ட்டான்னு எழுதினீங்களே, இவதான் அது! நல்லாப் பாருங்க. நான் சீட்டு வாங்கப் போவ மாட்டேன். டாக்டரக் கூப்புடுங்க!"

வார்டே திரண்டுவிட்டது. டாக்டர் ஓடிவந்தார். அவள் நெஞ்சில் குழலை வைத்ததும் அவர் முகம் மாறிப்போனது. ஆக்சிஜன் வந்தது. ஊசியை அவரே போட்டார். அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. உயிர் இருக்கிறதா என்று நான் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன்.

நர்சைத் திட்டி முடித்துவிட்டு டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஒன்றரை நாளா ஊசி போடலயே, ஒரு வார்த்தை வந்து கேக்கக் கூடாதாம்மா?"

அதுவரை கத்திக்கொண்டிருந்த நான் மகளின் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"கேட்டா வந்து போட்ருவாங்கன்னுதான் கேக்கல சார்," என்றேன். "ஒவ்வொரு ஊசிக்கும் என் கழுத்தக் கட்டிக்கினு வேணாம்மா, வேணாம்மான்னு அழுவுது."

அவர் மறுபடியும் அவள் நெஞ்சில் குழலை வைத்தார்.

ஒரு வாரத்தில் மகள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். நோட்டின் மேல் அவளைக் கிடத்திச் சண்டை போட்டதை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். டாக்டரிடம் சொன்ன அந்தப் பதிலை அவளிடம்கூடச் சொன்னதில்லை.