முன்கம்பியில் கட்டிய பட்டுச்சேலை

றக்வானைக்கு மேலே தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் மூக்கையாவின் ஜீப்பைத் தெரியாதவர் கிடையாது. மூக்கையாவைவிட மூத்த வண்டி. கதவைச் சாத்த வேண்டுமென்றால் இரண்டு தடவை அறைய வேண்டும். ஆனால் பங்குனி வெயிலில் ஆளும் அரிசி மூட்டையுமாகப் பிதுங்கிக்கொண்டு ஏறினாலும் அதன் தண்ணீர் மட்டும் கொதிக்காது. புது வண்டிக்காரர்கள் வளைவில் நிறுத்தி, ஆவி பறக்கும் எஞ்சினுக்கு முன்னால் முழித்துக்கொண்டு நிற்கும்போது, மூக்கையா ஹோர்ன் அடித்துவிட்டுப் போவார். அற்ப சந்தோஷம்தான். பெருமைப்பட அந்த மனிதருக்கு வேறு எதுவும் பெரிதாக அமையவில்லை, அதையாவது விட்டுவைப்போமே.

அதற்காக அவர் படாத பாடில்லை. ஓடைத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே மாட்டார். வருஷம் தவறாமல் டவுனில் ஸம்சுதீன் நானாவின் கராஜில் அதைக் கழற்றிச் சேறு கழுவுவார். காற்றாடி இழுக்கும் காற்று ஓரமாக நழுவாமல் இருக்கத் தகரத்தில் ஒரு கூடு அடித்துப் போட்டிருந்தார். "தண்ணி சும்மா சூட்ட தூக்கிட்டு வார கூலிதாங்க. அத எறக்கி வைக்கிறது காத்து" என்று கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

இந்த வருஷம் மாரியம்மன் தேரை இழுக்கும் டிராக்டர் பழுதாகிவிட்டது. கோவில் தலைவர் சுரேந்திரன் வீடு தேடி வந்து, "ஒங்க வண்டிதாங்கண்ணே நடுவழியில நிக்காது" என்றான். மூக்கையாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மனைவி அழகம்மாவோ அழுதேவிட்டாள். அதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் டெங்குக் காய்ச்சலில் மூக்கையா இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் பிதற்றிக்கொண்டு கிடந்தபோது, இந்த மனுசன் உடம்புச் சூட்டை இறக்கிக் கொடுத்தால் தேர் இழுக்கும் வண்டிக்குப் பட்டுச்சேலை கட்டுவதாக அம்மனிடம் நேர்ந்திருந்தாள். இப்போது அந்த வண்டியே அவர் வண்டியாகிவிட்டது. அம்மனே கேட்டு வாங்கியதாக அவள் நினைத்ததில் தப்பில்லை.

திருவிழாக் காலையில் அவள் சேலையைக் கொசுவம் வைத்து, ஒரு லைட்டிலிருந்து மறு லைட் வரைக்கும் முன்கம்பியில் இறுக்கிக் கட்டினாள். அதன்மேல் வேப்பிலைத் தோரணம். ஒரு விரல் நுழைய இடமில்லை. ரேடியேட்டருக்குக் காற்று போகிற ஒரே வாசல் அந்தக் கம்பிதான். மூக்கையா வாயைத் திறந்தார்.

"நல்லா இருக்குங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்று வாயை மூடிக்கொண்டார்.

சூடு பின்வழியாகவாவது போகட்டும் என்று பானட்டின் பின்பக்கம் இரண்டு மரக்கட்டையைக் கொடுத்துத் தூக்கிவைத்தார். அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. தேர் நடக்கிற வேகத்தில்தான் போக வேண்டும். லயத்து வீடுகள் வருகிற இடமெல்லாம் நின்று அர்ச்சனைத் தட்டு வாங்க வேண்டும். வேகம் கொடுத்தால் வருகிற கொஞ்சக் காற்றும் இல்லை. ஃபெக்டரிக்குக் கீழே உள்ள வளைவில் சூட்டு மீட்டரின் முள் கடைசிக் கோட்டைத் தொட்டது. உடனே தேரோடு சேர்ந்து ஜீப்பும் நின்று, சேலைக்கு மேலே வெள்ளையாக ஆவி எழுந்தது.

பின்னால் வந்த ஆட்டோக்காரன், "மாமே, இன்ஜின் எக்க ரத் வெலா!" என்று சிங்களத்தில் கத்தினான். அது கொதிப்பது குருடனுக்கும் தெரிந்திருக்கும்.

சுரேந்திரன் ஓடி வந்தான். "என்னண்ணே இது? நிக்காதுன்னுதானே ஒங்க வண்டிய கேட்டோம்?"

இரண்டு முடிச்சை அவிழ்த்தால் போதும். கொஞ்ச நேரம் ஆறவிட்டுத் தேரைக் கோவில் வரைக்கும் இழுத்துவிடலாம். மூக்கையாவின் கை முன்கம்பி வரைக்கும் போனது. பக்கத்தில் அழகம்மா விரதத்தோடு, வெறுங்காலில், பால்குடத்தைச் சுமந்துகொண்டு நின்றாள். தேர் கோவிலுக்குத் திரும்புமுன் நேர்த்திச் சேலையை அவிழ்ப்பது நேர்த்தியையே முறிப்பது மாதிரி. அதற்குப் பிறகு அவர் ஒரு தும்மல் தும்மினாலும் அவள் நடுங்கிப்போவாள். அவிழ்க்காமல் காரணத்தை மட்டும் சொன்னாலோ, ஊர் முன்னால் அவள் கட்டியதால்தான் அம்மன் நின்றாள் என்றாகிவிடும்.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"தண்ணிப் பம்பு போயிருச்சி தம்பி. நான் ஒழுங்கா பாக்கல. பழைய வண்டிதானே" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

யாரோ சிரித்தார்கள். இத்தனை காலம் அவர் ஹோர்ன் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டிருந்த வண்டிக்காரர்கள் விசில் அடித்தார்கள். ஆட்கள் தேரிலிருந்து ஜீப்பைக் கழற்றி ஓரம் தள்ளிவிட்டு, தேரில் வடம் கட்டிக் கையாலேயே இழுத்துப் போனார்கள். தேர் வளைவில் மறையும்வரை மூக்கையா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் சேலையைக் கோவிலில் ஒப்படைத்துவிட்டு வந்த அழகம்மா அவரைச் சும்மா விடவில்லை.

"அந்த ஓட்ட வண்டிய ஒழுங்கா பாத்துக்கக்கூடாதா? ஊரு முன்னுக்கு மானம் போச்சு."

"என் தப்புதான் புள்ள."

அவர் இப்படி உடனே ஒத்துக்கொண்டதில் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கிட்டே வந்து அவர் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"சூடு இல்ல" என்று சொல்லிவிட்டு, சோறு போட உள்ளே போனாள்.